காற்சட்டைப் பைக்குள் அடங்கும் துவக்கு

9 ஜனவரி 2025, மாலை. கல்முனை வாசகரின் கேள்வி

"அண்ணன், வாப்பாவின் நகைக்கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். இரவில் கடை பூட்டிவிட்டு நகைப்பெட்டியோடு சாய்ந்தமருதுக்குப் போகும்போது நெஞ்சு பதறுகிறது. நீங்கள் அமெரிக்காவில் இருந்தபோது பொக்கெற்றில் வைக்கிற சின்னப் பிஸ்டல் வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். லைசன்ஸ் எடுத்து அப்படியொன்றை வாங்கி இரண்டு மூன்று நாள் பழகினால் போதும் என்கிறான் மச்சான். சரியா?"

9 ஜனவரி, இரவு

போதாது.

சின்னத் துவக்கென்றால் பழகுவது இலகு என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. துவக்கு சிறுக்கச் சிறுக்க அதைக் கொண்டு சுடுவது கஷ்டம். ஹூஸ்டனில் நான் வைத்திருந்தது ரூகர் எல்சிபி. வெறுமையாக நிறுத்தால் 300 கிராம் வராது. மகசினில் 6 ரவை, அதாவது தோட்டா, குழலில் ஒன்று. பிடியில் இரண்டு விரல் நிற்கும், சுண்டுவிரலுக்கு இடமில்லை. குறிபார்க்கும் மேடு பேருக்குத்தான் இருக்கிறது. பாரமில்லாத சாமான் என்பதால் சுடும்போது உதை முழுதும் கைக்கு வரும். 50 ரவைப் பெட்டி ஒன்று முடிவதற்குள் பெருவிரலின் அடி சிவந்துவிடும். பிறகு பழகப் போக மனம் வருமா? என்னோடு வேலை செய்தவர்கள் ஆசையாக வாங்கி, ஒரு தரம் சுட்டுப் பார்த்து, லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

அப்புறம் 5 ரவை போடும் குட்டி ரிவால்வர் இருக்கிறது. ஸ்மித் அன்ட் வெஸன் ஜே வகை, 2 அங்குலக் குழல். சுடும் நேரத்தில் சிக்கிக்கொள்வது குறைவு. ஆனால் விசையை ஏறக்குறைய 5 கிலோ பாரம் கொடுத்து இழுக்க வேண்டும். அப்படி இழுக்கும்போது குழல் முனை ஆடும், குழல் கட்டையாக இருப்பதால் எவ்வளவு ஆடியது என்று கண்ணுக்கும் தெரியாது. அங்கே கடைக்காரர்கள் "பெண்களுக்கு ஏற்றது" என்று இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். என் கணக்கில் அது கைதேர்ந்தவனுக்கு உரியது.

10 ஜனவரி

"இரண்டு மூன்று நாள் பழக்கம்" பற்றி நேற்று எழுதவில்லை.

டெக்சாஸ் அனுமதிப்பத்திரத்துக்கு ஒரு சுடும் பரீட்சை உண்டு. மொத்தம் 50 ரவை. 3 கெஜத்திலிருந்து 20, 7 கெஜத்திலிருந்து 20, 15 கெஜத்திலிருந்து 10. புள்ளி 250, அதில் 175 எடுத்தால் பாஸ். இலக்கு ஓர் ஆளின் அளவுள்ள கறுப்புக் காகிதம். துவக்கு முன்கூட்டியே கையில் இருக்கும், "சுடு" என்று ஆள் சொல்வார், காகிதம் அசையாமல் நிற்கும். பையிலிருந்து எடுக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை. என் வகுப்பில் பெயிலானவர் என்று ஒருவரும் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல் அந்தப் பத்திரமும் கட்டாயமில்லை. 21 வயது தாண்டி, சட்டத்தடை ஏதும் இல்லாதவர் சும்மாவே இடுப்பில் வைத்துக்கொண்டு திரியலாம்.

உண்மையான பழக்கம் அந்தப் பரீட்சைக்கு வெளியேதான் இருக்கிறது. துவக்கு இருக்கும் பைக்குள் வேறெதுவும் போகக்கூடாது, சாவி, சில்லறை, லேஞ்சி எதுவும். விசையை முழுதாக மூடுகிற உறை வேண்டும், எடுக்கும்போது அந்த உறை பைக்குள்ளேயே நிற்க வேண்டும். கார் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி பைக்குள் கை விட்டுப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். பைக்குள் சேரும் பஞ்சுத் தூசியை அடிக்கடி துடைக்காவிட்டால் தேவைப்படும் நாளில் அது இயங்குமா என்பது சந்தேகம். ரவையையெல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, குழலை இரண்டு தரம் பார்த்துவிட்டு, வெறுந்துவக்கால் சுவரைக் குறிவைத்து விசை இழுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சலிப்பு என்றால் அப்படியொரு சலிப்பு. கையைத் திருத்துவது அதுதான்.

அரிசோனாவில் 1976இல் துவக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிய ஜெஃப் கூப்பர் நான்கு விதி சொல்லிக் கொடுத்தார். எந்தத் துவக்கும் நிரம்பியது என்றே எடு. அழிக்க விரும்பாத எதன் பக்கமும் குழல் திரும்பக்கூடாது. குறி சேரும் வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் நிற்பது எது என்று தெரிந்துகொள். நாலாவதைக் கல்முனைப் பிரதான வீதியில் வைத்து யோசியுங்கள் தம்பி. கள்ளனுக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நிற்கிற சனம், எதிர்க்கடைக் கண்ணாடி, ஐஸ்கிறீம் வாங்க வந்த பிள்ளை.

12 ஜனவரி

செங்கலடி வாசகர் ஒருவர் "கச்சேரியில் விண்ணப்பித்தால் கிடைக்கும்" என்று எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வழியாகப் போவது பயிர் காக்கும் சொட்கன் விண்ணப்பம். பிஸ்டல், ரிவால்வர் என்றால் பாதுகாப்பு அமைச்சு. 1916ஆம் ஆண்டு வந்த சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. அனுமதி டிசம்பர் 31 வரைதான் செல்லும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உயிராபத்து இருக்கிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். "பயமாக இருக்கிறது" என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

இப்போதைய காற்றும் வேறு பக்கம் வீசுகிறது. தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்த துவக்குகளைத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி போன வருடக் கடைசியில் அமைச்சு கேட்டது. முதலில் வைத்த கெடு 2024 நவம்பர் 7. வைத்திருந்தவர்களிடமே திரும்பக் கேட்கும் நேரத்தில் புதிதாக ஒன்று கேட்டுப் போவது உங்கள் விருப்பம்.

ரவையும் இங்கே அனுமதிக்குள்தான். வோல்மார்ட் 2019இல் கைத்துவக்கு ரவையை நிறுத்தும் வரை அரிசிப் பையும் ரவைப் பெட்டியும் ஒரே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவன் நான். வேலைத்தலத்துக்குப் பக்கத்திலேயே சுடுதளம் இருந்தது. நீங்கள் எங்கே போய்ப் பழகுவீர்கள், பாசிக்குடாக் கடற்கரையிலா? முதல் சத்தத்துக்கே மூன்று சீருடை வந்து நிற்கும்.

15 ஜனவரி

பொங்கல் வேலையில் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்குள் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சாரன் கட்டினால் எங்கே வைப்பது?"

நல்ல கேள்வி. ஒளித்து வைக்கும் கலை முழுக்க இடுப்புப் பட்டியை நம்பித்தான் இருக்கிறது. விறைப்பான பெல்ட் இல்லாவிட்டால் உறை நிற்காது. சாரன் மடிப்பில் வைத்து, வாய்க்கால் தாண்ட மடித்துக் கட்டுகிற நேரத்தில் நடக்கக்கூடியதை எழுதினால் பிள்ளைகள் வாசிக்க முடியாது.

வியர்வையும் ஒரு பிரச்சினை. ஹூஸ்டனும் புழுக்கமான ஊர்தான், இரண்டு வாரம் துடைக்காவிட்டால் இரும்பில் செந்நிறம் பூத்துவிடும். நம் உப்புக்காற்றுக்கு என்ன ஆகும் என்று ஆரையம்பதி வீட்டின் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தால் தெரிகிறது.

18 ஜனவரி

கல்முனைத் தம்பி திரும்பவும் கேட்கிறார்: "உங்களுக்கு எப்போதாவது தேவைப்பட்டதா?"

ஒரு தரம். பெற்றோல் நிலையத்துக் கடையில் இரவு வேலை. பின்னால் குளிரறைக்குள் நின்று பியர்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தடித்த ஜக்கெற், கையில் குளிருக்குப் போடும் உறை. துவக்கு ஜக்கெற்றுக்கு உள்ளே, காற்சட்டைப் பையில். மணிச்சத்தம் கேட்டு வெளியே வந்தால் காசு மேசைக்கு இந்தப் பக்கம், என் பக்கம், ஒருவன் நிற்கிறான். அவன் துவக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. எனக்கும் அவனுக்கும் இடையில் நீட்டிய கையின் தூரம். நான் கையுறையைக் கழற்றி, ஜக்கெற்றைத் தூக்கி, பைக்குள் கைவிட்டு... அந்தக் கணக்கே தேவையில்லை. லாச்சியைத் திறந்து கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போனான்.

லாச்சியில் இருந்தது சொற்பக் காசு. 20 டொலருக்கு மேற்பட்ட நோட்டு வந்தால் உடனே கீழே இருக்கும் இரும்புப் பெட்டியின் பிளவுக்குள் போட்டுவிட வேண்டும், அதன் சாவி எங்களிடம் கிடையாது. கதவில் அதை எழுதியும் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு முதலாளியின் காசைக் காத்தது அந்தப் பிளவு.

1983இல் சோல்ட் லேக் சிற்றிப் பொலிஸ் பயிற்சியாளர் டெனிஸ் டூலர் ஒன்றை அளந்து எழுதினார். கத்தியோடு ஒருவன் 21 அடி தூரத்தை ஒன்றரை விநாடியில் ஓடி வந்துவிடுவான். பழகிய பொலிஸ்காரர் இடுப்பு உறையிலிருந்து எடுத்துச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் பிடிக்கும். சிலர் இதைத் திரித்து "21 அடிக்குள் வந்தால் சுடலாம்" என்று சட்டம் பேசுகிறார்கள். அவர் சொன்னது அதுவல்ல. ஆபத்து எவ்வளவு தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது, அதனால் எவ்வளவு முந்தியே விலக வேண்டும் என்பதற்காகத்தான் அளந்தார். நகைக்கடையின் கண்ணாடி மேசை எத்தனை அடி அகலம் தம்பி?

19 ஜனவரி

ஹூஸ்டனிலிருந்து தங்கச்சியின் மாப்பிள்ளை சண்டைக்கு வந்துவிட்டார். "காசைக் கொடுத்த பிறகும் சுட்டுவிட்டுப் போகிறவன் இருக்கிறான் மச்சான். நீங்கள் தப்பியது அவன் நல்ல மனது. அடுத்த நாளும் பையில் போட்டுக்கொண்டுதானே வேலைக்குப் போனீர்கள்?"

போனேன். அங்கே இருந்தவரை விடவும் இல்லை. அவர் சொல்வதை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. கொடுத்தும் விடாதவன், ஓட இடமில்லாத மூலை, வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருபவன் என்றால் பையில் இருப்பது ஒரு வழி. ஆனால் அவர் சனிக்கிழமை தவறாமல் தளத்துக்குப் போகிறவர். பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் விரல் வைத்துத் திறக்கும் பெட்டி வைத்திருக்கிறார். மதுச்சாலை வாசலில் சிவப்பு 51 சதவீதப் பலகை (வருமானத்தில் 51 சதவீதமாவது அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருகிறது என்று அர்த்தம்) தொங்கினால் உள்ளே கொண்டு போகக்கூடாது என்று தெரிந்தவர். வழக்கென்று வந்தால் வழக்கறிஞருக்கு எவ்வளவு ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்தச் சின்னத் துவக்கு. கல்முனை மச்சான் வாங்கச் சொல்வது அதில் இரும்பை மட்டும்.

2 பெப்ரவரி

ஒளித்து வைப்பது பற்றி இன்னொன்று மனதில் கிடந்து உறுத்துகிறது.

ஹூஸ்டனில் சட்டைக்குக் கீழே இடுப்பு புடைத்திருந்தால் யாரும் கவனிப்பதில்லை. கைபேசி என்று நினைப்பார்கள், அல்லது நினைக்கவே மாட்டார்கள். நம் பக்கத்தில் அது நடக்காது. 2004இல் கருணா புலிகளை விட்டுப் பிரிந்த பிறகு வந்த சில வருடங்களை மட்டக்களப்பில் இருந்து கண்டவர்களைக் கேளுங்கள். சட்டையை வெளியே விட்டபடி மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் இருப்பவனின் வலது கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் யாரும் தெருவைக் கடந்ததில்லை. பெண்கள் பார்த்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தார்கள். அந்தக் கண் இன்னும் போகவில்லை. ஊருக்கு வந்த புதிதில் நான் முதுகுப் பிடிப்புக்குப் பட்டி கட்டிக்கொண்டு கல்லடிச் சந்தைக்குப் போனேன். மீன் வெட்டுகிற அக்கா பேச்சை நிறுத்திவிட்டு என் இடுப்பையே பார்த்தாள். வைத்தியர் கட்டச் சொன்னது என்று நானாகச் சொன்ன பிறகுதான் கத்தி மறுபடி அசைந்தது.

ஆகவே கல்முனையில் நீங்கள் எதையும் ஒளிக்கப் போவதில்லை. ஒரு கிழமைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, நகையோடு சேர்த்துக் கள்ளன் எடுக்க நினைக்கும் இரண்டாவது சாமான் அதுதான்.

9 பெப்ரவரி

வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒருவர்: "பிஸ்டல் வெடிக்கு யானை ஓடுமா?"

யானைக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். வனஜீவராசிகள் திணைக்களம் தருகிற யானை வெடியின் சத்தம் பெரிது. அதற்கே பழகிப்போன கொம்பன்கள் திரிகின்றன.

இந்தப் பக்கத்து ஆயத்தத்தைப் பற்றிப் பேசுவதென்றால் என் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். அவருடைய சொட்கன் போர்க்காலத்திலேயே கைவிட்டுப் போனது. அதன் பிறகும் பெரும்போக அறுவடை முடியும் வரை வாடியில்தான் படுத்தார். பொழுதுபடும்போதே காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். நாயை எங்கே கட்டுவது, ஏணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், வாடிக்கும் மரத்துக்கும் இடையில் காலில் தட்டக்கூடியது ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் சாப்பாடு. அமெரிக்காவில் இதையே நிறம் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மேலே சொன்ன கூப்பர்தான் அதற்கும் ஆள். வெள்ளை என்றால் கவனமில்லாத நிலை, மஞ்சள் என்றால் நிதானமான கவனம், செம்மஞ்சள் என்றால் குறிப்பிட்ட ஒன்றின் மேல் கண், சிவப்பு என்றால் தயார். பெரியப்பா காசு கட்டாமல் மஞ்சளில் இருந்தவர்.

பன்றிக்கு வைக்கிற, கம்பியில் கால் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தப் பேச்சே வேண்டாம். விறகுக்குப் போன ஆளின் கால் எது, பன்றியின் கால் எது என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது.

20 பெப்ரவரி

நேற்றுக் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சட்டத்தரணி உடுப்பில் வந்தவன், சட்டப் புத்தகத்தைக் குடைந்து உள்ளே மறைத்துக் கொண்டுவந்த ரிவால்வரால், கூண்டில் நின்ற பாதாள உலகக் கோஷ்டிக்காரர் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுவிட்டுப் போனான். செத்தவர் யார், என்ன செய்தவர் என்ற பேச்சை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்கு ஆட்கள் சுற்றி நிற்கும்போதே நடந்தது. சின்னத் துவக்கு யாருக்கு உதவுகிறது என்று பாருங்கள். நேரத்தையும் இடத்தையும் தெரிவு செய்கிறவனுக்கு. கடை பூட்டிவிட்டு நடக்கிறவன் அந்தப் பக்கத்தில் இல்லை.

23 பெப்ரவரி

மேலே எழுதியதை வாசித்துவிட்டு நண்பர் ஒருவர், வவுணதீவை ஏன் விட்டாய் என்று கேட்டார். எழுதத் தயங்கினேன். 2018 நவம்பர் 30, இரவு காவலில் இருந்த இரண்டு பொலிஸ்காரர்கள். ஆயுதம் இருந்தது, பயிற்சி இருந்தது, சீருடை இருந்தது. இருவரையும் கொன்றுவிட்டு அவர்களுடைய ஆயுதத்தையும் கொண்டு போனார்கள். முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுகள் வெடித்த பிறகுதான், அவற்றை வைத்த சஹ்ரானின் கூட்டமே இதையும் செய்தது என்று தெரிந்தது, அவரும் வெளியே வந்தார்.

அந்த இருவரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

5 மார்ச்

கல்முனையிலிருந்து நல்ல செய்தி. தம்பி விண்ணப்பத்தைக் கைவிட்டுவிட்டார், அல்லது தள்ளிப்போட்டிருக்கிறார். மச்சானோடு இன்னும் வாக்குவாதம் நடக்கிறதாம். செய்திருப்பவை: பாரமான நகைகளைக் கடையிலேயே நிலத்தோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் வைக்கிறார், வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. பக்கத்துப் புடவைக்கடைக்காரரும் எதிரே இருக்கும் பாமசிக்காரரும் இவரும் ஒரே நேரத்தில் கதவு இறக்குகிறார்கள். ஹெல்மெற் கழற்றாதவருக்கு உள்கதவு திறப்பதில்லை. வெளி விளக்கு விடியும் வரை எரிகிறது.

நான் சேர்க்கச் சொன்னது ஒன்று. பூட்டும்போது ஒருவர் குனிந்து பூட்டைப் பார்த்தால் மற்றவர் தெருவைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் பூட்டைப் பார்ப்பதுதான் வழக்கம். ஒருநாள் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள், சிரிப்பு வரும்.

டொரோண்டோவிலிருந்து ஒரு காக்கா: "இங்கே கைத்துவக்கு வாங்கவே முடியாது, 2022 ஒக்டோபரோடு விற்பனையை முடக்கிவிட்டார்கள்." ஓம். பிரித்தானியாவில் 1997லிருந்தே தடை. நம்மவர் அதிகம் இருக்கிற நாடுகளில் இவ்வளவு இலகுவாகக் கிடைப்பது அமெரிக்காவில்தான். அங்கிருந்து வருகிற வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே ஆசைப்படுவதால் வந்த வினைதான் இந்த இழை முழுக்க. நான் எழுதியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொருவர் கேட்டது சட்டம் பற்றி. நம் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, பொலிஸை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமை இல்லை. ஓடுகிறவனின் முதுகில் சுட்டுவிட்டு இந்தப் பிரிவுகளைக் காட்ட முடியாது. மிச்சத்தை வழக்கறிஞரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

11 மார்ச்

"அப்படியென்றால் பழகுவதற்கு ஒன்றுமே இல்லையா அண்ணன்?" என்று தம்பி கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார்.

இருக்கிறது. ஹூஸ்டன் வகுப்பில் பாதி நாள் இரத்தம் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். 2015இல் அங்கே அரசாங்கமே "ஸ்டொப் த பிளீட்" என்று ஓர் இயக்கம் தொடங்கியது. கையிலோ காலிலோ பீறிட்டால் காயத்துக்கு மேலே பட்டி கட்டி இரத்தம் நிற்கும் வரை முறுக்குவது, கட்டிய நேரத்தை எழுதி வைப்பது, பட்டி கட்ட முடியாத இடத்தில் துணியை உள்ளே திணித்து உடல் பாரத்தால் அழுத்துவது, ஆம்புலன்ஸ் வரும் வரை கையை எடுக்காமல் இருப்பது. துவக்குச்சூடு வேண்டாம், கண்ணாடி மேசை உடைந்து கை கிழிந்தாலும் இதே வேலைதான். இங்கே 1990 இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் வரும், பொலிஸுக்கு 119. அவர்கள் வந்து சேரும் வரைதான் உங்கள் பொறுப்பு.

செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி வகுப்பு நடக்கும்போது போய்க் கேளுங்கள். கடைப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கதவு இறக்குகிற நேரத்தில் வாசலில் நிற்பது அவன்தானே. மச்சானையும் இழுத்துக்கொண்டு போக முடிந்தால் நல்லது.